கேட்டை ஓரத்துத் தூசு மேகம்: விண்மீன் ஒளி சிவப்பதை வரைபடமாக்கும் வழி

கேட்டை என்று பஞ்சாங்கம் சொல்லும் மூன்று மீன்களில் நடுவில் செக்கச்செவேலென்று நிற்பது அன்டாரஸ். அந்தச் சிவப்பு தூசினால் வந்ததல்ல. அதன் மேற்பரப்பு சூரியனைவிடக் குளிர்ந்தது, அதனால்தான் சிவப்பு. அதற்கு 2 டிகிரி மேற்கே, கிழக்கில் உதிக்கும்போது அதற்குச் சற்று முன்னால் ஏறிவரும் விருச்சிகத்தின் சிக்மா மீன் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். தூசினால் சிவந்தது அதுதான். நீலமாக இருக்க வேண்டிய மீன் அது. வழியில் கிடக்கும் தூசு நீலத்தைக் கூடுதலாக விழுங்கிவிட்டதால் வெள்ளையாகி நம்மிடம் வந்து சேர்கிறது.

இந்த வித்தியாசம் மனதில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீன் எந்த நிறத்தில் இருக்கிறது என்பது கேள்வியல்ல. எந்த நிறத்தில் இருந்திருக்க வேண்டும், அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதே கேள்வி. புதிதாக இறங்குபவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த 'இருந்திருக்க வேண்டிய நிறத்தை' அலட்சியம் செய்வதால் வருபவை.

எதை அளக்கிறோம்

விண்மீன்களுக்கு இடையே கிடக்கும் தூசுத் துகள் மிகச் சிறியது. ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். நீல ஒளியை அது அதிகமாகச் சிதறடித்து விழுங்கும், சிவப்பைக் குறைவாக. ஆகவே மீன் மங்கும், அதோடு நிறமும் சிவப்புப் பக்கம் நகரும். முன்னதை ஒளிமங்கல் என்றும் பின்னதைச் செம்மையேற்றம் என்றும் இங்கே சொல்கிறோம். விலகிச் செல்லும் பொருளின் ஒளியில் வரும் செம்பெயர்ச்சி வேறு சங்கதி. அதில் நிறமாலைக் கோடுகளே இடம் மாறும். தூசு கோடுகளை நகர்த்தாது.

ஒரு மீன் மங்கலாகத் தெரிந்தால் அது தூசினாலா தொலைவினாலா என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. ஆனால் தொலைவு நிறத்தை மாற்றுவதில்லை. அதனால் நிறத்தைப் பிடித்துக்கொண்டு மங்கலுக்குப் போகிறோம். நீல ஃபில்டரில் (பி) அளந்த மேக்னிட்யூடிலிருந்து (மீன் மங்க மங்கக் கூடும் ஒளியளவு எண்) பச்சை-மஞ்சள் ஃபில்டரில் (வி) அளந்ததைக் கழித்தால் கிடைப்பது பி–வி நிற எண். எண் கூடினால் சிவப்பு, குறைந்தால் நீலம்.

நிறமிகை = அளந்த நிற எண் − இயல்பு நிற எண்
வி பட்டையில் ஒளிமங்கல் = 3.1 × நிறமிகை

3.1 என்பது பால்வெளியின் சராசரி. அடர்ந்த மேகங்களில் துகள்கள் ஒட்டிப் பெருத்துவிடுவதால் இந்த எண் 4, 5 என்றுகூட ஏறும். கேட்டைப் பக்கத்து மேகம் அப்படிப்பட்டது. தொடக்கத்தில் 3.1 வைத்தே கணக்குப் போடுங்கள்; ஆனால் எந்த எண்ணைப் பயன்படுத்தினீர்கள் என்று ஒவ்வொரு படத்தின் அடியிலும் எழுதிவிடுங்கள்.

இயல்பு நிறம் மீனின் நிறமாலை வகையிலிருந்து கிடைக்கும். மீன்களை அவற்றின் சூட்டை ஒட்டிப் பிரித்த வகை இது; இதில் வரும் 'பி' வேறு, ஃபில்டரின் 'பி' வேறு. பி-0 வகைக்கு ஏறத்தாழ −0.30, பி-1க்கு −0.26, பி-2க்கு −0.24, ஏ-0க்கு 0. சிக்மா பி-1 வகை. அதன் நிற எண் +0.13. எனவே நிறமிகை 0.39, ஒளிமங்கல் 1.2 மேக்னிட்யூட். புறப்பட்ட ஒளியில் மூன்றில் ஒரு பங்குதான் இங்கே வருகிறது. அன்டாரஸுக்குத் தென்கிழக்கே உள்ள டாவ் மீன் பி-0 வகை, நிற எண் −0.25. நிறமிகை 0.05 மட்டுமே. இரண்டுக்கும் நடுவே வானத்தில் ஐந்து டிகிரிகூட இல்லை. தூசு இவ்வளவு திட்டுத்திட்டாகக் கிடப்பதால்தான் வரைபடமே தேவைப்படுகிறது. பால்வெளி முழுக்க ஒளிமங்கல் இருக்கிறது என்பதை 1930இல் ராபர்ட் டிரம்ப்ளர் விண்மீன் கொத்துகளை வைத்து நிறுவினார். ஆனால் ஒரே சராசரி எண்ணை எல்லாத் திசைக்கும் போட்டால் கணக்கு உதவாது.

முதல் பயிற்சி: கேமராவால் ஐந்தாறு மீன்கள்

கணினியில் உட்காருமுன் இதை ஒருமுறை கையால் செய்துவிடுங்கள். செம்மையேற்றம் என்பது வெறும் எண்ணாக இல்லாமல் வானத்தில் ஓர் இடமாக மனதில் நிற்கும்.

டிஎஸ்எல்ஆர் கேமரா, 50 மி.மீ. லென்ஸ், ஆடாத முக்காலி போதும். லென்ஸை எஃப்-4க்குச் சுருக்குங்கள். ஐஎஸ்ஓ 400, ஒவ்வொரு படமும் 5 விநாடி, மொத்தம் 30 படம். ரா வடிவில் மட்டும் சேமிக்க வேண்டும். ஜேபெக் நிறத்தைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிவிடும். ஃபோகஸைச் சற்றே கலைத்து, மீன் ஒரு புள்ளியாக இல்லாமல் பத்துப் பன்னிரண்டு பிக்சல் அகலத்துக்குப் பரவும்படி வையுங்கள். கேமராச் சில்லில் நீலம், பச்சை, சிவப்புப் பிக்சல்கள் கட்டம் கட்டமாக மாறி மாறி இருக்கின்றன. கூர்மையான மீன் பச்சைப் பிக்சலில் மட்டும் விழுந்தால் அதன் நிறமே பொய்யாகிவிடும். 14-பிட் கேமராவில் உச்ச மதிப்பு 16,383. மீனின் நடுப்பகுதி 11,000ஐத் தாண்டினால் நேரத்தைக் குறையுங்கள். லென்ஸை மூடிப் பத்துப் படம், வெள்ளைத் துணி போர்த்தி விடிந்தபின் வானத்தைப் பார்த்துப் பத்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முன்னது கேமராவின் சொந்த இரைச்சலையும் பின்னது படத்தின் ஓர இருட்டையும் கழிக்க.

அளவிட ஆஸ்ட்ரோஇமேஜ்ஜே போன்ற இலவச மென்பொருள் உண்டு. நீலத் தளத்தையும் பச்சைத் தளத்தையும் தனித்தனியாகப் பிரித்து, இரண்டிலும் ஒரே வட்ட அளவில் ஒவ்வொரு மீனையும் அளங்கள். நீலம் கழித்தல் பச்சை என்பது உங்கள் கேமராவின் நிற எண்; இன்னும் பி–வி ஆகவில்லை. நிற எண் தெரிந்த மீன்களை வைத்து அதை மாற்ற வேண்டும். அனுஷத்தின் பீட்டா (−0.07), பை (−0.19), கேட்டையின் டாவ் (−0.25), கீழே விருச்சிகத்தின் உடலில் இருக்கும் எப்சிலான் (1.15) ஆகியவற்றை ஒரு வரைதாளில் குறித்து நேர்கோடு போடுங்கள். அந்தக் கோட்டிலிருந்து சிக்மாவையும், அன்டாரஸுக்கு 3 டிகிரி வடக்கே, ஒஃபியூக்கஸ் கூட்டத்தில் இருக்கும் ரோவையும் படித்தெடுங்கள். சிக்மா 0.13ஐயும் ரோ 0.24ஐயும் ஒட்டி வந்தால் உங்கள் கை சரியாக இருக்கிறது. இந்த இரண்டையும் கோடு போடும்போது சேர்க்கக் கூடாது. சேர்த்தால் விடையைப் பார்த்து எழுதிய தேர்வாகிவிடும்.

அனுஷத்தின் நடு மீன் டெல்டாவை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். 2000ஆம் ஆண்டிலிருந்து அது தன்னைச் சுற்றி வாயுவை உமிழ்ந்து ஒளி மாறிக்கொண்டிருக்கிறது. அன்டாரஸும் மாறும் மீன். இரண்டுமே பிரகாசமாகக் கண்ணில் படுவதால் புதியவர்கள் முதலில் அவற்றைத்தான் பிடிப்பார்கள்.

நம் ஊர்க் காற்றும் சிவக்க வைக்கும்

இது திருநெல்வேலிச் சீமைக்காரர்கள் மிகவும் கவனிக்க வேண்டிய இடம். நம் தலைக்கு மேலே உள்ள காற்றும் நீலத்தைத்தான் அதிகம் தின்கிறது. கடல் மட்டத்தை ஒட்டிய சமவெளியில், மீன் நேர் உச்சியில் இருந்தாலே வி பட்டையில் கால் மேக்னிட்யூட் போல மங்கும். பி பட்டையில் அதைவிட 0.1 முதல் 0.15 வரை கூடுதலாக மங்கும். 30 டிகிரி உயரத்துக்கு இறங்கினால் காற்றின் தடிமன் இரட்டிப்பு.

நாம் 8.7 டிகிரி வட அட்சத்தில் இருப்பது பெரிய வரம். அன்டாரஸ் உச்சம் வரும்போது, அதாவது தன் பாதையில் மிக உயரமான இடத்துக்கு ஏறும்போது, தெற்கே 55 டிகிரி உயரத்தில் நிற்கும். அந்த நேரத்தில் படம் எடுத்தால், 15 டிகிரி உயர வித்தியாசமுள்ள மீன்களுக்கிடையிலும் காற்றினால் வரும் நிறப் பிழை 0.03 அளவில் அடங்கிவிடும். அதே படத்தை, கூட்டம் 25 முதல் 40 டிகிரி உயரத்தில் இருக்கும்போது எடுத்தால் பிழை 0.1ஐத் தாண்டும். நாம் தேடும் நிறமிகையே 0.39 என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பங்குனி தொடக்கத்தில் விடியற்காலை 5 மணியை ஒட்டியும், சித்திரை முதல் வாரத்தில் 3 மணி வாக்கிலும், ஆனியில் இரவு 11 மணி வாக்கிலோ அதற்கு முன்போ அன்டாரஸ் உச்சத்துக்கு வரும். ஆனி, ஆடியில் தூக்கம் கெடாது, ஆனால் வானம் கெட்டிருக்கும். அம்பாசமுத்திரம், களக்காடு பக்கம் மேகமும் சாரலும். கிழக்கே காய்ந்த காற்று புழுதியைக் கிளப்பும். தேரிக்காட்டுச் செம்மண் காற்றில் ஏறிய இரவில் எடுத்த அளவை நம்ப வேண்டாம். எங்கள் கணிப்பில் மாசி, பங்குனி விடியற்காலைதான் இந்த வேலைக்கு ஏற்ற காலம். தாமிரபரணிப் பாசன வயல்களை ஒட்டி நின்றால் அந்நேரம் மூடுபனி இறங்கி லென்ஸ் நனையும். மேட்டு நிலமாகப் பாருங்கள். வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கம் இருட்டு நன்று. ஆனால் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் தெற்கே படாதபடி நிற்க வேண்டும். புலிகள் காப்பகத்துக்குள் இரவில் போகக் கூடாது. அணைக்கட்டு ஓரம் என்றாலும் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள்.

வரைபடம்: இரண்டாம் பயிற்சி

ஐந்து மீன்களால் வரைபடம் ஆகாது. ஆயிரக்கணக்கான மீன்கள் வேண்டும். அவற்றை அளந்து வைத்திருக்கிறார்கள், இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். எடுத்த எடுப்பில் வானம் முழுதையும் வரைய நினைத்து அகலக் கால் வைக்க வேண்டாம். அன்டாரஸுக்கு வடக்கே உள்ள ரோ ஒஃபியூக்கஸ் மேகத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறோம். காரணம் உண்டு: அது 140 பார்செக் (ஒரு பார்செக் 3.26 ஒளியாண்டு) தொலைவில், மிகவும் பக்கத்தில் இருக்கிறது. மேகத்துக்கு முன்னால் நிற்கும் மீன்கள் சொற்பம். பால்வெளித் தளத்திலிருந்து 17 டிகிரி தள்ளி இருப்பதால் பின்னால் வேறு மேகங்கள் குவிந்து குழப்பமும் செய்யாது.

கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இந்த மேகத்தைத் துளைக்க முடியாது, அகச்சிவப்பில் முடியும். வி பட்டையில் 10 மேக்னிட்யூட் மங்க வைக்கும் தூசு, கே என்ற அகச்சிவப்புப் பட்டையில் ஏறத்தாழ 1.1 தான் மங்க வைக்கும். 1997 முதல் 2001 வரை அரிசோனாவிலும் சிலியிலும் இரண்டு 1.3 மீட்டர் தொலைநோக்கிகள் வானம் முழுவதையும் ஜே, எச், கே என்ற மூன்று அகச்சிவப்புப் பட்டைகளில் அளந்தன. அந்த டூமாஸ் அட்டவணையில் 47 கோடிப் புள்ளிகள் இருக்கின்றன. அதிலிருந்து எச்–கே நிற எண்ணை மட்டும் எடுப்போம். இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது: பின்னணியில் நிற்கும் சாதாரண மீன்கள் எந்த வகையாக இருந்தாலும் அவற்றின் எச்–கே இயல்பு நிறம் மிகக் குறுகிய எல்லைக்குள் அடங்கும், சராசரி 0.13ஐ ஒட்டி வரும். ஒவ்வொரு மீனின் நிறமாலையையும் தேடிப் போக வேண்டியதில்லை.

மென்பொருளாக டாப்கேட் போதும். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் உருவானது, இலவசம், ஜாவா இருந்தால் எந்தக் கணினியிலும் ஓடும், புரோகிராம் எழுதத் தெரிய வேண்டியதில்லை.

அதில் விசியர் (வானியல் அட்டவணைகளின் இணையக் கிடங்கு) சாளரத்தைத் திறந்து டூமாஸ் புள்ளி அட்டவணையைத் தேடுங்கள். மையம்: வல ஏற்றம் 246.8 டிகிரி, நடுவரை விலக்கம் −24.5 டிகிரி. ஆரம் 3 டிகிரி. விசியரின் இணையப் பக்கம் வழியாகப் போனால், கேட்காவிட்டால் 50 வரிசையோடு நிறுத்திக்கொள்ளும். 50 மீன் மட்டும் வந்தால் கலங்காமல் வரிசை வரம்பை எடுத்துவிடுங்கள்.

அடுத்தது தரம் பிரிப்பது. எச், கே இரண்டிலும் தரக்குறி 'ஏ' உள்ளவை, பிழை 0.1க்குக் குறைந்தவை, விண்மீன் மண்டலமாகக் குறிக்கப்படாதவை. ஜே பட்டைக்கும் 'ஏ' கேட்கத் தோன்றும், கேட்காதீர்கள். தூசு ஜே பட்டையைத்தான் இந்த மூன்றில் அதிகம் மங்க வைக்கிறது. அங்கே நல்ல தரம் கேட்டால் அடர்ந்த தூசுக்குப் பின்னால் உள்ள மீன்களை நீங்களே தூக்கி எறிந்தவர்கள் ஆவீர்கள். வரைபடத்தில் மேகம் மெலிந்து தெரியும், காரணமும் பிடிபடாது.

பிறகு ஒப்புவயல். தூசு இல்லாத, பால்வெளித் தளத்திலிருந்து மேகத்தைப் போலவே அதே டிகிரி தள்ளி உள்ள, ஒரு டிகிரி ஆரமுள்ள பகுதி. அகச்சிவப்புத் தரவகமான இர்சாவின் தூசுச் சேவையில் ஆயங்களைக் கொடுத்தால் அந்தத் திசையின் நிறமிகையைச் சொல்லும். நாலைந்து இடம் பார்த்து, குறைந்த இடத்தை எடுங்கள். அதே தர விதிகளை ஒன்றுவிடாமல் அங்கேயும் போட்டு, எச்–கே இடைநிலை மதிப்பைக் கண்டுபிடியுங்கள். 0.1க்கும் 0.16க்கும் இடையே வராவிட்டால் ஒப்புவயலில் தூசு இருக்கிறது, அல்லது விதிகள் மாறிவிட்டன. இந்த ஓர் எண்ணில் 0.02 தவறினால் வரைபடம் முழுக்க ஒளிமங்கல் 0.3 மேக்னிட்யூட் ஏறும் அல்லது இறங்கும். அதனால் இங்கே அவசரப்படாதீர்கள்.

டாப்கேட்டில் புதிய நெடுவரிசை ஒன்று சேர்த்து இந்தக் கணக்கை எழுதுங்கள்:

வி பட்டை ஒளிமங்கல் = 15.9 × (எச்–கே − ஒப்புவயல் மதிப்பு)

இனி வான வரைபடச் சாளரத்தில், வானத்தைச் சம பரப்புக் கட்டங்களாகப் பிரிக்கும் ஹீல்பிக்ஸ் அடர்த்தி அடுக்கைச் சேர்த்து, நிலை 9, எடை என்ற இடத்தில் இந்த நெடுவரிசை, சேர்க்கும் முறை இடைநிலை என்று கொடுங்கள். ஒவ்வொரு கட்டமும் 6.9 கலை அகலம் (60 கலை ஒரு டிகிரி). மேகம் திரையில் எழுந்து நிற்கும்.

பார்த்ததும் மகிழ்ச்சியாக இருக்கும், ஆனால் இன்னும் நம்பக் கூடாது. தனி மீன் ஒன்றின் எச்–கே எண்ணில் 0.1 சிதறல் இருந்தால் அது ஒளிமங்கலில் 1.6 மேக்னிட்யூட் பிழை. 16 மீன் உள்ள கட்டத்தில் பிழை 0.4, 100 மீன் இருந்தால் 0.16. அதே அடுக்கை எண்ணிக்கைக்கு மாற்றிப் பாருங்கள். 10க்குக் குறைவான மீன் உள்ள கட்டங்களை வெற்றாக விடுங்கள், அல்லது நிலை 8க்கு இறங்கி 13.7 கலைக் கட்டமாக்குங்கள்.

சில கட்டங்களில் எண் குறைமதிப்பாக வரும். தூசு பூஜ்யத்துக்குக் கீழே போகாதே என்று அவற்றை அழித்துவிடுவார்கள் பலர். அது பெரிய தவறு. பிழை இரண்டு பக்கமும்தான் சிதறும். ஒரு பக்கத்தை வெட்டினால் மீதியின் சராசரி உயர்ந்து, தூசே இல்லாத இடத்திலும் தூசு இருப்பதாகக் காட்டும். குறை எண்களை அப்படியே விடுங்கள்.

எங்கெங்கே ஏமாறுவோம்

மேகத்துக்கு முன்னால் நிற்கும் மீன்கள் சிவக்காதவை. சராசரியைக் கீழே இழுக்கும். இவற்றைக் காயா விண்கலத்தின் 2022ஆம் ஆண்டுத் தரவுத் தொகுப்பால் விலக்கலாம். பூமி சூரியனைச் சுற்றுவதால் மீன் இடம் மாறித் தெரியும் கோணமே இடமாறு தோற்றம்; பக்கத்து மீனுக்கு அது பெரிது. 140 பார்செக் என்றால் 7.1 மில்லி ஆர்க்செகண்ட் (ஒரு கலையில் 60இல் ஒரு பங்கு ஆர்க்செகண்ட், அதில் ஆயிரத்தில் ஒன்று மில்லி). அதைவிடத் தெளிவாகப் பெரிய எண் உள்ளவை முன்னால் நிற்பவை. இரண்டு அட்டவணைகளையும் பொருத்தும்போது 1 ஆர்க்செகண்ட் எல்லை வைக்காதீர்கள். டூமாஸ் நிலைகள் 2000ஐ ஒட்டியவை, காயா நிலைகள் 2016க்கானவை. ஆண்டுக்கு 60 மில்லி ஆர்க்செகண்ட் நகரும் மீன் இதற்குள் ஒரு ஆர்க்செகண்ட் போய்விடும். வேகமாக நகர்வன பெரும்பாலும் பக்கத்து மீன்களே, அதாவது நீங்கள் பிடிக்க நினைத்தவையே தப்பிவிடும். 2 முதல் 3 வரை வையுங்கள்.

அடுத்த தொல்லை, மேகத்துக்குள்ளேயே பிறந்துகொண்டிருக்கும் இளம் மீன்கள். அவற்றைச் சுற்றிய சூடான தூசு கே பட்டையில் தானே ஒளிர்வதால் எச்–கே எண் பொய்யாகக் கூடும். ஜே அளவும் நம்பத்தக்கதாக இருக்கும் மீன்களுக்கு, ஜே–எச் எண்ணைச் செங்குத்து அச்சிலும் எச்–கே எண்ணைக் கிடை அச்சிலும் வைத்து வரைபடம் போடுங்கள். தூசினால் மட்டும் சிவந்தவை 1.7 சரிவுள்ள பட்டையில் வரிசையாக நிற்கும். பட்டைக்கு வலப்புறம் விலகி நிற்பவை இளம் மீன்கள். அவற்றை நீக்குங்கள்.

மூன்றாவதைச் சரிசெய்ய வழியே இல்லை. மேகத்தின் நடுவே, தூசு மிக அடர்ந்த கருவில், பின்னால் உள்ள மீன்களே தெரியாது. டூமாஸ் கே பட்டையில் 14.3 மேக்னிட்யூட் வரைதான் நம்பத்தக்கது. ஒரு கட்டத்தின் கனமான பாதியில் மீன் தெரியாமல் போய், மெல்லிய பாதியில் மட்டும் தெரிந்தால், அந்தக் கட்டத்துக்குக் குறைந்த எண்தான் கிடைக்கும். அதனால் உங்கள் வரைபடத்தின் உச்ச எண்களைக் குறைந்தபட்ச மதிப்பு என்றே எழுத வேண்டும்.

மற்ற வரைபடங்களோடு ஒப்பிட

1998இல் ஷ்லீகல், ஃபிங்க்பைனர், டேவிஸ் மூவரும் வெளியிட்ட வரைபடம் இன்றும் எல்லோரும் கையில் எடுப்பது. அது மீன்களைப் பார்க்கவில்லை. தூசு 100 மைக்ரானில் தானே வீசும் வெப்பத்தை அளந்தது. ஆகவே அந்தத் திசையில் பால்வெளியின் கடைசி வரை உள்ள தூசு முழுவதையும் சொல்லும். அதன் நிறமிகையை 0.86ஆல் பெருக்க வேண்டும் என்று 2011இல் திருத்தம் வந்தது. ரோ ஒஃபியூக்கஸ் மேகத்தில் உங்கள் எண்ணும் அதன் எண்ணும் சில இடங்களில் கண்டிப்பாக முரண்படும். அங்குள்ள சூடான பி வகை மீன்கள் தூசைச் சிறுசிறு பகுதிகளாகச் சூடேற்றுகின்றன. அந்த வரைபடத்தின் வெப்பநிலைக் கணக்கு அவ்வளவு நுணுக்கமானதல்ல. முரண்பாடு வந்தவுடன் உங்கள் எண்ணை மாற்றிவிடாதீர்கள். எந்தக் கட்டங்களில் வருகிறது என்று முதலில் குறியுங்கள். பால்வெளித் தளத்திலிருந்து 5 டிகிரிக்குள் அந்த வரைபடத்தை நம்பவே வேண்டாம்.

தொலைவோடு சேர்ந்த முப்பரிமாண வரைபடங்களும் உண்டு. பைதான் தெரிந்தவர்களுக்கு டஸ்ட்மேப்ஸ் என்ற தொகுப்பு இவற்றை எல்லாம் ஒரே இடத்தில் தரும். அவற்றில் ஒன்றான பேஸ்டார் வரைபடத்தில் மேகத்தின் திசையைக் கொடுத்துத் தொலைவை 50 பார்செக்கிலிருந்து ஏற்றிக்கொண்டே போனால், 140ஐ ஒட்டி எண் குதிப்பதைப் பார்க்கலாம். அதன் அலகு நேராக பி–வி நிறமிகை அல்ல. ஆசிரியர்கள் தரும் பெருக்கெண்ணைப் போட மறந்தால் எல்லாம் தவறும்.

இரண்டாவது மேகமாக நிலக்கரிப் பையை எடுக்கலாம். தென்சிலுவைக்குப் பக்கத்தில் பால்வெளியில் ஓட்டை விழுந்தாற்போல் கருத்துத் தெரிவது அதுதான். நம் தெற்கு வானில் 18 டிகிரி உயரம் வரை வரும். சித்திரை நடுவில் இரவு பத்து, பதினொரு மணிக்கு உவரிக் கடற்கரையில் நின்றால் கண்ணாலேயே பார்க்கலாம். ஆனால் அந்த உயரத்தில் காற்றின் தடிமன் மூன்று மடங்குக்கு மேல், போதாததற்கு உப்புக்காற்று. கேமராவில் நிறம் அளக்கும் ஆசையை விட்டுவிட்டு நேரே தரவுக்குப் போங்கள். பேஸ்டார் −30 டிகிரிக்குத் தெற்கே இறங்காது, நிலக்கரிப் பை −63இல் இருக்கிறது. அதற்கு ஈடன்ஹோஃபரும் கூட்டாளிகளும் காயா தரவிலிருந்து செய்த, 1.25 கிலோபார்செக் வரை செல்லும் முழுவான வரைபடம் வேண்டும்; அதன் எண்ணை 2.8ஆல் பெருக்கினால் வி பட்டை ஒளிமங்கல் கிடைக்கும். டூமாஸ் வழியில் செய்தால் ஒப்புவயலைத் தேர்வது இங்கே கடினம். பை பால்வெளித் தளத்திலேயே இருப்பதால் தூசற்ற இடம் பக்கத்தில் கிடைக்காது. மேகத்தை ஒட்டிய இடத்தையே ஒப்புவயலாக வைத்து, கிடைக்கும் எண் மேகத்தின் கூடுதல் தூசை மட்டும் குறிக்கிறது, மொத்தத்தை அல்ல என்று படத்தின் மேலேயே எழுதிவிடுங்கள்.